ஐப்பசியில் பிழைப்பது எது: ஜிம்மா, காலை நடையா, வீட்டுத் தண்டாலா?

எங்கள் சமையலறைச் சுவரில் பால் கணக்குக்காக ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. கூடுதலாகப் பால் வாங்கிய நாளுக்கு மனைவி பேனாவால் ஒரு வட்டம் போடுவார். மூன்று ஆண்டுகளாக அதே கட்டங்களில் நானும் பென்சிலால் கோடு போட்டு வருகிறேன். அரை மணி நேரமாவது உடம்பு அசைந்தால் அன்றைக்கு ஒரு கோடு. முதல் ஆண்டு ஜிம், அடுத்த ஆண்டு காலை நடை, மூன்றாம் ஆண்டு வீட்டுப் பயிற்சி. இது திட்டமிட்டுச் செய்த ஆராய்ச்சி ஒன்றுமில்லை. ஒன்றில் தோற்றதும் அடுத்ததற்குத் தாவினேன், அவ்வளவுதான். ஆனால் மூன்று காலண்டர்களையும் தரையில் வரிசையாக விரித்துப் பார்த்தபோது, தைக்கும் மார்கழிக்கும் இடையில் எந்தப் பழக்கம் எங்கே மூச்சு வாங்கியது என்பது பளிச்சென்று தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பு வேண்டும். அத்துடன் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். இந்த இரண்டாவது பகுதியைப் பலரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் காலடி என்ற கணக்கை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண், 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. மருத்துவர்கள் அளந்து சொன்ன அளவு அல்ல.

ஜிம்முக்கு ஒரு பெரிய நியாயம் உண்டு. கத்திரி வெயிலும் ஐப்பசி மழையும் அதன் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிடும். எடை தூக்கக் கருவி இருக்கிறது, முதுகு வளைந்தால் திருத்த ஆள் இருக்கிறது. தசைப் பயிற்சிக்கு இதற்கு ஈடு வேறில்லை. இருந்தும் என் முதல் ஆண்டுக் காலண்டரில் மார்ச் முதல் கட்டங்கள் வெறுமையாகவே கிடக்கின்றன. கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவனுக்கு மார்ச் மாதம் எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பியவன், மீண்டும் வண்டியை எடுத்து மூன்று கிலோமீட்டர் போய்க் கருவிகளைத் தூக்கவில்லை. புத்தாண்டுச் சலுகை என்று ஓராண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டியிருந்தேன். இரண்டு மாதத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டதற்கு, ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்கச் சொன்னார்கள். எறும்பு அளவு எழுத்தில் எல்லாம் இருந்தது. இதையே தெருமுனையில் இருக்கும் ஜிம்மில், மாதச் சந்தாவில் செய்திருந்தால் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஜிம்மைத் தேர்ந்தெடுப்பவர்கள் கருவிகளை எண்ணுவதற்கு முன் தூரத்தை அளப்பது நல்லது.

காலை நடைக்குச் செலவு ஒரு ஜோடி காலணிதான். பேசிக்கொண்டே நடக்க முடியவேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. மிதமான உழைப்புக்கு அதுவே எளிய அளவுகோல். சென்னையில் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் எனக்கு வாய்த்த கூட்டணியில் நான்கு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். ஐந்தரை மணிக்கு நான் வரவில்லையென்றால் கைப்பேசியில் கூப்பிட்டு, "என்ன சார், உடம்புக்கு முடியவில்லையா?" என்று விசாரிப்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பல நாள் எழுந்தேன். ஜிம் பயிற்சியாளர் ஒருநாளும் அப்படி விசாரித்ததில்லை.

மார்கழியிலும் தையிலும் நடையைப் போன்ற சுகம் வேறில்லை. இருட்டும் பனியும் கலந்த காற்று, எங்கோ ஒலிபெருக்கியில் திருப்பாவை, பூங்கா வாசலில் அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் விற்பவர். (சாறு குடித்த கையோடு எதிர்க் கடையில் காப்பியும் வடையும் சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கும் கோடு போட்டேன். வடைக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.) மே மாதம் வந்தால் ஆறு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் அரை மணி முன்னதாகக் கிளம்பிச் சமாளித்துவிடலாம். நடை உண்மையில் படுத்துவிடுவது வடகிழக்குப் பருவமழையில்தான். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டுகிறது. தெருவில் கணுக்கால் தண்ணீர், அதற்கடியில் எங்கே பள்ளம் என்று தெரியாது. தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைப் பாதைகளை 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கியதும் 2023 நவம்பரில்தான். நல்ல திட்டம், தொடங்கிய மாதம்தான் துணிச்சலானது. என் இரண்டாம் ஆண்டுக் காலண்டரில் ஐப்பசிக்கு ஒன்பது கோடுகள். அதைவிட மோசம், மழை ஓய்ந்து கார்த்திகை வெயில் அடித்த பிறகும் கோடுகள் திரும்பவில்லை. விட்ட இடத்தில் தொடர்வதற்குப் புதிதாகத் தொடங்கும் அளவுக்கு மனசு வேண்டியிருந்தது.

அடுத்தது வீடு. தண்டால், பஸ்கி, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தண்ணீர் கேனைத் தூக்கி இறக்குவது, மூன்று மாடிப் படி. மழைக்கும் வெயிலுக்கும் மார்ச் மாதத்துக்கும் இது அஞ்சாது. குறையும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாயை விரித்தால் குக்கர் விசில் அடிக்கும், கூரியர்காரர் மணி அடிப்பார், தேர்வுக்குப் படிக்கும் மகன் ஓர் ஓரப்பார்வை பார்ப்பான். யாரும் உங்களைத் தேடி விசாரிக்கவும் மாட்டார்கள். தரையில் தண்டால் எடுக்க முடியாதவர்கள் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம், நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாம் ஆண்டு ஐப்பசியில் இருபத்திரண்டு கோடுகள். அழகான கோடுகள் என்று சொல்ல மாட்டேன், பாதி நாள் வேண்டாவெறுப்பாகப் போட்டவை.

இனி தட்டு. அதிலும் மூன்று கட்சிகள் உண்டு: சோற்றை அடியோடு விடச் சொல்பவர்கள், சிறுதானியத்துக்கு மாறச் சொல்பவர்கள், தட்டின் பங்கை மாற்றச் சொல்பவர்கள். முதல் கட்சியில் நான் பதினொரு நாள் இருந்தேன். பன்னிரண்டாம் நாள் வீட்டில் வற்றல் குழம்பு. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இரண்டாவது கட்சியின் மீது மதிப்பு உண்டு. கேழ்வரகும் வரகும் நார்ச்சத்து உள்ளவை, ஆடியில் கூழ் ஊற்றும் ஊருக்கு அவை அந்நியமும் அல்ல. ஆனால் 2024-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல், அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வைத்து, அவற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நெய் மிதக்கும் வரகரிசிப் பொங்கலை இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு ஆரோக்கியம் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அதே வழிகாட்டுதலில் என்னை உட்காரவைத்தது வேறொரு எண். 2,000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளொன்றுக்குக் காய்கறியும் கீரையும் மட்டும் 400 கிராம், பழம் 100 கிராம், பருப்பு வகை 85 கிராம். எங்கள் வீட்டில் மூன்று பேருக்குப் பொரியல் செய்யக் கால் கிலோ பீன்ஸ் வாங்குவோம். கணக்குப்படி 1.2 கிலோ வேண்டும்! மறுநாளே முக்கால் கிலோ அவரைக்காயோடு வந்து நின்றேன். மனைவி பையைத் திருப்பி என் கையிலேயே கொடுத்தார். "வாங்கி வந்தால் போதுமா? நாரையும் எடுத்துக் கொடுங்கள்." முக்கால் கிலோ அவரைக்காய்க்கு இரண்டு பக்கமும் நார் கிழித்து நறுக்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது. கட்டைவிரல் நகத்தடியில் பச்சைக் கறை இரண்டு நாள் போகவில்லை. உணவுப் பழக்கம் எங்கே முறிகிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நாக்கைக் குற்றம் சொல்கிறோம், ஆனால் அது முறிவது அரிவாள்மனையில். இப்போது இரவுச் செய்தி ஓடும்போது மறுநாள் காயை நறுக்கி வைப்பது என் வேலை. வாரநாளில் புடலங்காய், கோஸ், பூசணி. அவரையும் வாழைப்பூவும் ஞாயிற்றுக்கிழமைக்கு. மூன்று ஆழாக்கு அரிசி இரண்டாகக் குறைந்தது. சோற்றை யாரும் விடவில்லை.

பருப்புக் கணக்கை நிரப்ப நவராத்திரி கைகொடுத்தது. ஒன்பது நாள் கொண்டைக்கடலை, பயறு, மொச்சை என்று சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் பத்தாம் நாள் ஏன் நிறுத்தவேண்டும் என்று மகன்தான் கேட்டான். வாரத்தில் மூன்று மாலை, பிஸ்கட் இருந்த இடத்தில் இப்போது சுண்டல்.

பழக்கம் படிய 21 நாள் போதும் என்று எங்கும் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் இடைநிலை 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை விரிந்தது. எப்போதாவது ஒருநாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஜனவரி முதல் தேதி தொடங்கினால் 66-ஆம் நாள் மார்ச் முதல் வாரத்தில் வரும். 254 என்றால் செப்டம்பர் ஆகிவிடும். அதாவது, சிலருக்குப் பழக்கம் படிவதற்குள் அக்னி நட்சத்திரமே வந்து போய்விடும். ஆகவே நடையை விரும்புகிறவர்கள் மார்கழியில் தொடங்குங்கள், பருவம் உங்கள் பக்கம் நிற்கும். வீட்டுப் பயிற்சியை மழைக்காலத்தில் தொடங்குங்கள், அப்போது வேறு வழி இருக்காது.

என் இப்போதைய ஏற்பாடு கலப்படம். டிசம்பர் முதல் ஜூன் வரை நடை, மழை வந்தால் படிக்கட்டு, ஆண்டு முழுவதும் செவ்வாயும் வெள்ளியும் தண்டால். மூன்றில் ஒன்றைத்தான் எடுக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் வீட்டுப் பயிற்சியைச் சொல்வேன், சற்றே வருத்தத்தோடு. பூங்காவில் கிடைத்த பேச்சு வீட்டில் கிடைப்பதில்லை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடவேண்டும். மருந்தின் அளவும் மாறவேண்டியிருக்கலாம்.

கல்யாண வீட்டு இலைக்கு மட்டும் இன்னும் எனக்கு வழி பிடிபடவில்லை. பொரியலை இரண்டு முறை கேட்டு வாங்கினால் பரிமாறுபவர் பரிதாபப்பட்டுக் கூடவே ஒரு ஜாங்கிரியையும் வைத்துவிட்டுப் போகிறார். வைகாசிக்கு இதுவரை நான்கு பத்திரிகைகள் வந்திருக்கின்றன.