வளர்ந்த ராயல் பைதானைத் தத்தெடுத்தல்: மீட்பு மையமா, ‘தொட்டியோடு இலவசம்’ விளம்பரமா?

பிரிட்டனில் ராயல் பைதான் என்ற சிறிய மலைப்பாம்பை வளர்க்க ஆசைப்படுகிறவருக்கு மூன்று வழிகள்: வளர்ப்பாளரிடம் குட்டி வாங்கலாம், மீட்பு மையத்திலிருந்து வளர்ந்த பாம்பைத் தத்தெடுக்கலாம், அல்லது இணையத்தில் ‘தொட்டியோடு இலவசம்’ என்று வரும் விளம்பரத்துக்குப் போன் செய்யலாம். முதல்முறை வளர்ப்பவருக்கு எங்கள் பரிந்துரை இரண்டாவது வழி. மூன்றாவதிலும் நல்ல பாம்பு அமையும். ஆனால் அந்தத் தொட்டியை மட்டும் வீட்டுக்குள் ஏற்றாதீர்கள்.

வளர்ந்த பாம்பில் ஊகத்துக்கு இடம் குறைவு. எவ்வளவு வளரும், கையில் எடுத்தால் சீறுமா, எலி தின்னுமா சுண்டெலிதானா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆண் மூன்று, மூன்றரை அடி. பெண் நான்கு முதல் ஐந்து அடி, எடை ஒன்றரையிலிருந்து இரண்டரை கிலோ. ‘எட்டு வயதாகிவிட்டதே’ என்று தயங்க வேண்டாம். நல்ல பராமரிப்பில் இருபது, முப்பது ஆண்டு வாழும் இனம் இது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலைக்கு 1961இல் ஒரு தனியார் கொடுத்த பெண் பாம்பு, 2020இல் முட்டையிட்டது.

ஆர்எஸ்பிசிஏ போன்ற விலங்குநல அமைப்புகளும் சிறிய ஊர்வன மீட்பு மையங்களும் இந்தப் பாம்புகளைத் தத்துக் கொடுக்கின்றன. பொதுவாக, தொட்டியைத் தயார்செய்து, வெப்பமானி அளவு தெரியும்படி படம் அனுப்பச் சொல்வார்கள். இதைக் கெடுபிடி என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எங்களைக் கேட்டால், இந்தச் சேவையில் மிகவும் உருப்படியான பகுதி இதுதான். பாம்பு வந்தபிறகு தெர்மோஸ்டாட் (வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வாங்க ஓடும் நிலை வராது. குறை என்றால், பூர்வீகம் தெரியாமல் போவது. கோடையில் தப்பித்துத் தெருவில் பிடிபட்ட பாம்புக்கு வயது கூட உத்தேசம்தான். மையம் எடை பார்த்த குறிப்பு, கடைசியாக இரை எடுத்த தேதி, சட்டை உரித்த தேதி ஆகிய மூன்றையும் எழுதி வாங்குங்கள். பைதான்களுக்கு மூச்சுநோய் தரும் நிடோவைரஸுக்குப் பரிசோதனை செய்தார்களா என்று தனியாகக் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்வதில்லை.

நேரில் பார்க்கும்போது முதுகைத் தடவுங்கள். உடல் உருண்டு திரண்டிருக்க வேண்டும். முதுகெலும்பு கூரைபோல் மேடாகத் தெரிந்தால் பட்டினி. மூக்கில் குமிழி, வாய் திறந்தபடி மூச்சு, விசில் போன்ற ஒலி இருந்தால் மூச்சுக்குழாய்த் தொற்று. வயிற்றுச் செதில் சிவந்தோ கன்றியோ இருந்தால் தீக்காயமோ செதில் அழுகலோ இருக்கலாம். தாடைக்கு அடியிலும் கண்ணைச் சுற்றியும் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் உண்ணி. ஈரமான வெள்ளைக் காகிதத் துண்டால் உடலைத் துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்திலேயே சுருண்டு கிடக்கும் பாம்பையும் உண்ணிக்காகச் சந்தேகிக்க வேண்டும். ஸ்பைடர் நிற வகைக்குத் தலையாட்டம் பிறவிக் குறை. வேறு நிறப் பாம்பு வானம் பார்த்துத் தலையை முறுக்கினால் நோயாக இருக்கலாம். மருத்துவர் பார்க்காமல் எடுக்காதீர்கள்.

இலவசத் தொட்டி ஏன் வேண்டாம்? பிரிட்டனில் பெரும்பாலும் மரப்பலகைத் தொட்டிகள். பலகை இணையும் இடுக்குகளில் உண்ணி முட்டையிடும். முட்டை முதிர்ந்த உண்ணியாக இரண்டு மூன்று வாரம் போதும். பாம்பைச் சுத்தம் செய்தாலும் தொட்டி திரும்பக் கொடுத்துவிடும். கூடவே வரும் பழைய ஹீட் மேட் (தொட்டியைச் சூடாக்கும் மின்விரிப்பு) பெரும்பாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் இருக்கும். வயிறு வேகும் அளவுக்குச் சூடேறினாலும் பாம்பு நகராமல் படுத்திருக்கும், தீக்காயம் அப்படித்தான் வருகிறது.

புதிதாக 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத் தொட்டி வாங்குங்கள். பாம்பு முழுதாக நீட்டிப் படுக்க இடம் வேண்டும். பெரிய பெண் என்றால் இன்னும் நீளமாக. வெயில் காயும் இடத்தில் 31–32 டிகிரி செல்சியஸ், குளிர் பக்கத்தில் 25–27. ஈரப்பதம் 55–65 சதவீதம், சட்டை உரிக்கும்போது 70. செராமிக் ஹீட்டருக்குப் பல்ஸ் தெர்மோஸ்டாட் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் தருவது), வெப்ப பல்புக்கு டிம்மிங் வகை (மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது). இரண்டுக்கும் கம்பிக் கூண்டு கட்டாயம், இல்லாவிட்டால் பாம்பு அதையே சுற்றிக்கொள்ளும். தெர்மோஸ்டாட்டின் உணரியை ஒட்டும் நாடாவால் ஒட்டாதீர்கள், பாம்பின் செதிலில் பிடித்துக்கொள்ளும். கிளிப் போட்டுத் திருகுங்கள். உணரி கழன்று தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தால் கருவி ‘குளிராக இருக்கிறது’ என்று கணக்கிட்டு ஹீட்டரை முழுவேகத்தில் ஓடவிடும். பூட்டிய தொட்டிக்குள் பாம்பு சாவதற்கு அது போதும். பதுங்க இரண்டு பெட்டி, சூடான பக்கம் ஒன்று, குளிர் பக்கம் ஒன்று. உள்ளே போனால் உடம்பு நாலாபக்கமும் உரசும் அளவு.

முதல் மூன்று மாதம் தரையில் வெறும் காகிதம்தான். மலமும் உண்ணியும் கண்ணில் படும். வீட்டில் வேறு பாம்பு இருந்தால் தனி அறை, தனி இடுக்கி. புதியதைக் கடைசியாகக் கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் கையைச் சோப்பால் கழுவுங்கள். சால்மோனெல்லா பயம் இருப்பதால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை தொட வேண்டாம்.

வந்த ஒரு வாரம், பத்து நாள் இரை கொடுக்காதீர்கள், கையிலும் எடுக்காதீர்கள். பிறகு எடையில் ஏறக்குறைய ஐந்து சதவீத எலி, அதாவது ஒன்றரைக் கிலோ பாம்புக்கு 75 கிராம், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. உறைந்த எலியை இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இளக்கி, பையோடு வெந்நீரில் வைத்து மேல்தோல் 37 டிகிரிக்கு வந்ததும் நீண்ட இடுக்கியில் காட்டுங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. சுண்டெலி பழகிய பாம்பு எலியை மறுத்தால், சுண்டெலியை எலிமேல் தேய்த்து வாடை ஏற்றுங்கள். தின்றபின் 48 மணி நேரத்துக்குள் தொட்டால் கக்கிவிடக்கூடும்.

கண்மேல் பழைய சட்டை ஒட்டியிருந்தால் இடுக்கியால் பிய்க்காதீர்கள், கண்ணே போய்விடும். ஈரப்பாசி நிரப்பிய பெட்டி வையுங்கள். அடுத்த சட்டையோடும் வராவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

இந்தியாவுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிவிடுகிறோம்: இந்த இனம் காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது, அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்ட முடியாது.

குளிர்காலத்தில் ஆண் பாம்பு மாதக்கணக்கில் இரை மறுப்பது சகஜம். சமையலறைத் தராசில் மாதமொருமுறை எடை பாருங்கள். எடை குறையாமல் நின்றால் கவலையை விட்டுவிடலாம். பத்து சதவீதம் குறைந்தால் ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எல்லா கால்நடை மருத்துவரும் பாம்பு பார்க்க மாட்டார்கள், ஆகவே அந்த முகவரியைத் தத்தெடுக்கும் முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.