மலை ஏற்றத்துக்கு ‘பவர் சிப்’ என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்

குமுளி, வண்டிப்பெரியாறு, கம்பம் பக்கம் பழைய டீசல் கார் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வீட்டில் வண்டி ஓட்டுகிறவர்களிடமும் சொல்லுங்கள். ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்று போய் நிற்கிறவர்களிடம்தான், இதைச் செருகினால் இன்ஜினுக்கு வலு கூடும் என்று ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி ஏமாற்றுகிறார்கள்.

என் வண்டி 1.3 லிட்டர் டர்போ டீசல், அதாவது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ உள்ள வண்டி. குடும்பத்தோடு சாமானும் ஏற்றிக்கொண்டு லோயர்கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறினால், பவர் ஹவுஸுக்குத் தண்ணீர் இறங்கும் அந்த ராட்சதக் குழாய்கள் வருவதற்குள்ளேயே திணற ஆரம்பித்துவிடும். முன்பெல்லாம் இப்படி இருந்ததில்லை. கேரளா பக்கம் ஒரு டவுனில், ஆக்சசரீஸ் கடையோடு சேர்த்து ‘டியூனிங்’ என்று போர்டும் வைத்திருந்தார்கள், அங்கே காட்டினேன். கடைக்காரர் பானெட்டைத் திறக்கவே இல்லை. எந்த கியரில் திணறுகிறது, அப்போது ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்று) எவ்வளவு, எதையும் கேட்கவில்லை. “சேட்டா, இதைப் போட்டால் டார்க் 35 சதவீதம் கூடும்” என்று சொல்லி, ஸ்டியரிங்குக்குக் கீழே, வண்டியின் கோளாறைப் பார்க்க மெக்கானிக் கருவியை மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் தீப்பெட்டி அளவு பெட்டி ஒன்றைச் செருகிவிட்டு 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டார். 200 கிலோமீட்டர் ஓடினால்தான் ‘செட்’ ஆகுமாம். ஓடியது, ஒன்றும் மாறவில்லை. திரும்பப் போய்க் கேட்டால் இன்னும் ஓடட்டும் என்கிறார், காசைக் கேட்டால் முகமே மாறிவிடுகிறது. பில்லில் பார்த்தால் ‘ஆக்சசரீஸ்’ என்று ஒரே வார்த்தை, சிப் என்றோ டியூனிங் என்றோ எங்கேயும் இல்லை.

அப்புறம் கம்பத்தில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அந்தப் பெட்டியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்து, “இங்க பாரு தம்பி” என்று காட்டினார். ஓபிடி சாக்கெட்டில் 16 பின் உண்டு. வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசுவதற்கான கேன் லைன் 6-வது, 14-வது பின்னில் வரும். அந்தப் பெட்டியில் அந்த இரண்டு பின்னிலிருந்தும் போர்டுக்கு ஒரு கோடுகூடப் போகவில்லை. கரண்டு எடுக்கிற பின், கிரவுண்டு, மினுக்க மூன்று லைட்டு, அவ்வளவுதான். பேட்டரியை உறிஞ்சுவதைத் தவிர அது எதுவும் செய்யவில்லை.

பிறகு பானெட்டைத் திறந்து, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கையால் தடவிப் பார்த்தார், கை முழுக்கக் கறுப்பு ஆயில். கிளாம்புக்குக் கீழே வெடித்திருக்கிறது, டர்போ அழுத்துகிற காற்று அது வழியாகவே வெளியே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஹோஸை மாற்றியதும் வண்டி பழையபடி இழுக்கிறது.

கியர் விஷயமும் அவர் சொன்னதுதான், இது தெரிந்தவர்களை யாரும் சிப்பைக் காட்டி ஏமாற்ற முடியாது. டார்க் என்பது இன்ஜின் திருகுகிற வலு. அதே திருகலை எவ்வளவு வேகமாகச் செய்கிறது என்பதையும் சேர்த்தால் குதிரைத்திறன். இந்த இன்ஜினுக்கு 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர். 190-ஐ 2000-ஆல் பெருக்கி, குதிரைத்திறனாக மாற்றும் எண்ணான 7023-ஆல் வகுத்தால் அந்த இடத்தில் கிடைப்பது 54 குதிரைத்திறன்தான். முழு 75 வருவது 4000-ல், அங்கே டார்க் 132-க்கு இறங்கியிருக்கும். சக்கரத்துக்கு என்ன போகிறது என்பதை கியர் தீர்மானிக்கிறது. மூன்றாவது கியர் டார்க்கை ஏறத்தாழ 1.3 மடங்காக்கும், இரண்டாவது 1.9 மடங்காக்கும். ஏற்றத்தில் மூன்றாவதில் 1300 ஆர்பிஎம்முக்கு விழுந்துவிட்டால் டர்போ இன்னும் எழும்பியிருக்காது, ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் அந்த 190 கிடைக்காது. அதே வேகத்தில் இரண்டாவதுக்கு இறக்கினால் 1900 பக்கம் வந்துவிடும், டர்போவும் எழும்பும், கியர் பெருக்கமும் கூடும். 35 சதவீதம் தருவதாக அவர் விற்றாரே, அதைவிட அதிகம் இந்த ஒரு கியர் மாற்றத்தில் கிடைக்கிறது, சும்மா.

உண்மையான ரீமேப் என்று ஒன்று இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு லேப்டாப்பை மாட்டி, ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டரின் ஃபைலை எடுத்து மாற்றி எழுதுவார்கள், வலுவை அளக்கும் டைனோ மெஷினில் ஓட்டி முன்பு எவ்வளவு, பிறகு எவ்வளவு என்று கிராஃப் தருவார்கள். ஐந்து நிமிடத்தில் செருகிவிட்டு அனுப்புவது ரீமேப் கிடையாது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி மாட்டியிருந்தால் அந்தப் பெட்டியைக் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பில்லோடு சேர்த்து வைத்திருங்கள், புகாருக்கு இரண்டும் வேண்டும்.