இயல்புநிலை மென்பொருள் மாறும்போது வழு அறிக்கைகளுக்கு நேர்வது

பதினெட்டு ஆண்டுகளாக என் அன்றாட வேலை முழுவதும் லினக்ஸில்தான் நடக்கிறது. இந்தக் காலத்தில் ஒலிச் சேவை இரண்டு முறையும், கணினியைத் தொடக்கி வைக்கும் நிரலும் திரையை வரையும் அடுக்கும் தலா ஒரு முறையும் என் கணினியில் மாறின. எதையும் நானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. லினக்ஸையும் மற்ற நிரல்களையும் தொகுத்துத் தரும் வழங்கலின் பதிப்பை மேம்படுத்தியபோது, அதன் இயல்புநிலைத் தேர்வாக அவை வந்து சேர்ந்தன. அவற்றில் பெரும்பாலானவை பழையவற்றைவிட மேலானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. மாறிய முதல் சில மாதங்களில் மென்பொருளின் பிழைகளைத் தெரிவித்துப் பயனர்கள் எழுதும் வழு அறிக்கைகளை யார் பொறுப்பேற்பது என்பதில்தான் குறை கண்டேன்.

பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவையை, ஃபெடோரா என்ற வழங்கலின் 8 பதிப்பு 2007 நவம்பரிலும், உபுண்டு என்ற வழங்கலின் 8.04 பதிப்பு 2008 ஏப்ரலிலும் இயல்புநிலையாக்கின. ஒலி அட்டையை இயங்கவைக்கும் நிரல்களான இயக்கிகளில் அதுவரை மற்ற நிரல்கள் அதிகம் தொடாத வசதிகளை அந்தச் சேவை நம்பி இயங்கியதால், இயக்கிகளுக்குள் நெடுநாளாக மறைந்திருந்த பிழைகள் வெளியே வந்தன. அப்போது வேறொரு வழங்கலைப் பயன்படுத்திய எனக்கும் இதே மாற்றம் வந்தது. ஒலிவாங்கியில் பதிவு செய்தால் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒலி அறுந்துபோனது. வழங்கலின் வழுப்பதிவகத்தில் எழுதியபோது, ஒலிச் சேவையை உருவாக்கும் மூலத் திட்டத்திடம் செல்லும்படி பதில் வந்தது. அங்கே, பிழை லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் இயக்கியில் இருக்கிறது என்றார்கள். இயக்கியைப் பராமரிப்பவர்களோ, ஒலிச் சேவையை நிறுத்திவிட்டு அதே வழுவை நிகழ்த்திக் காட்டும்படி கேட்டார்கள். சேவையை நிறுத்தினால் வழுவே தோன்றவில்லை. மூன்று தரப்பும் சொன்னது தத்தம் எல்லைக்குள் சரியானதுதான். ஆனால், மூன்று இடங்களிலும் கணக்குத் தொடங்கி, மூன்று விதமான பதிவுக்கோப்புகளை எடுத்து அனுப்பிய பிறகு, அந்தப் பதிப்பின் ஆதரவுக்காலம் முடிந்துவிட்டது என்ற தானியங்கிச் செய்தியோடு என் அறிக்கை மூடப்பட்டது. நேற்றுவரை இயங்கிய ஒன்று இன்று இயங்கவில்லை என்றால், எந்த மாற்றம் அதற்குக் காரணமோ, அந்த மாற்றத்தை முடிவுசெய்தவர்களே அறிக்கையை முதலில் கையில் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அன்று எனக்கு உறுதிப்பட்டது.

இதை நன்றாகச் செய்ய முடியும் என்பதற்கு டேஷ் மாற்றம் சான்று. கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் அடிப்படை ஷெல்லாக பேஷுக்குப் பதில் டேஷை உபுண்டு 2006 அக்டோபரில் வெளிவந்த 6.10 பதிப்பிலேயே வைத்தது. பேஷுக்கு மட்டுமே உரிய தொடரமைப்புகளை அறியாமல் பயன்படுத்தியிருந்த ஸ்கிரிப்டுகள் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்புகள்) முறிந்தன; குற்றம் ஸ்கிரிப்டை எழுதியவருடையது என்பதே பல அறிக்கைகளுக்குக் கிடைத்த விடை. ஷெல்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸின்படி அந்த விடை சரி என்றாலும், நிரலை எழுதாமல் பயன்படுத்த மட்டுமே செய்தவருக்கு அதனால் பயனில்லை. டெபியன் என்ற வழங்கல் அதே மாற்றத்தை 2011 பிப்ரவரியில் வந்த 6.0 பதிப்பில்தான் செய்தது. இடைப்பட்ட காலத்தில், செக்பேஷிஸம்ஸ் என்ற கருவியால், வழங்கல் தரும் நிரல் தொகுப்புகளான பொதிகளின் ஸ்கிரிப்டுகளைச் சோதித்து, பயனர் முறிவைச் சந்திக்கும் முன்பே பராமரிப்பாளர்களுக்கு வழு அறிக்கைகளை அனுப்பினார்கள். டெபியனின் பதிவகத்தில், வழு ஒரு பொதியில் இருந்தாலும் அது வேறொரு பொதியைப் பாதிக்கிறது என்று குறிக்க வழியுண்டு. அப்படிக் குறித்தால், பயனர் தேடிவரும் இடத்திலேயே அவருடைய வழு கண்ணில் படும். இந்தச் சிறு வசதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஓசையில்லாமல் முறிபவைதான் இன்னும் கடினமானவை. உபுண்டு 25.10 பதிப்பு, அடிப்படைக் கட்டளைகளுக்கு ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட தொகுப்பை இயல்புநிலையாக்கியது. அந்தத் தொகுப்பு, பழைய கட்டளைகளை உருவாக்கிய குனூ திட்டத்தின் சோதனைகளைக் கொண்டே தொடர்ந்து சரிபார்க்கப்படுவது; அப்படியிருந்தும், ஒரு கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைக் கேட்கும் விருப்பத்தை அதன் டேட் கட்டளை ஏற்றுக்கொண்டு, பிழைச்செய்தி ஏதும் தராமல் தற்போதைய நேரத்தையே திருப்பித் தந்தது. இதனால் தானியங்கி மேம்படுத்தல் சோதனை சில கணினிகளில் நடக்காமல் நின்றது. திருத்தம் விரைவில் வந்தது. ஆனால், எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனித்து அறிக்கை எழுதும் பயனர்கள் மிகச் சிலரே என்பதால், மாற்றத்துக்குப் பின் வரும் அறிக்கைகள் குறைவாக இருப்பதை நலத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பின்வாங்குவதும் நேர்மையான பதில்தான். 17.10 பதிப்பில், திரையை வரையும் புதிய அடுக்கான வேலாண்டை இயல்புநிலையாக்கிய உபுண்டு, திரைப் பகிர்வு, தொலைநிலை அணுகல், முகப்பு செயலிழந்தால் மீளும் திறன் ஆகியவற்றைக் காரணங்காட்டி 18.04 பதிப்பில் பழைய எக்ஸ்ஆர்குக்குத் திரும்பியது; 21.04 பதிப்பில்தான் மீண்டும் மாறியது.

என் எழுத்துமுறையும் மாறியிருக்கிறது. எந்தப் பகுதியில் பிழை என்ற ஊகத்தை விட்டுவிட்டு, என்ன வேலை செய்துகொண்டிருந்தேன் என்பதை முதலில் எழுதுகிறேன். அதே கணினியில் பழைய மென்பொருளைத் திரும்ப நிறுவிச் சோதித்து, இரண்டின் பதிவுக்கோப்புகளையும் இணைக்கிறேன். ஃபெடோரா 34 பதிப்பு 2021-இல் பைப்வயர் என்ற புதிய சேவையை ஒலிக்கு இயல்புநிலையாக்கியபோது, பல்ஸ்ஆடியோவுக்குத் திரும்பும் வழியை எளிதாக வைத்திருந்தது இத்தகைய சோதனைக்குப் பெரிய உதவி. என் வழங்கலிலும் பைப்வயர் வந்த பிறகு ஒலிவாங்கியில் ஒரு வழுவைக் கண்டு இந்த முறையில் எழுதினேன். பொதிப் பராமரிப்பாளர் அதைத் தாமே மூலத் திட்டத்துக்கு எடுத்துச் சென்றார். திருத்தம் நிலையான பதிப்பை வந்தடைந்து, நான் சோதித்து உறுதிசெய்யும்வரை என் அறிக்கையைத் திறந்தே வைத்திருந்தார்.