ஆர்சிங்க்: நான்கு ஆண்டுப் பழக்கத்தின் பின்

திருநெல்வேலிச் சந்திக்குப் பக்கத்தில் சிறிய ஸ்டூடியோ ஒன்று வைத்திருக்கிறேன். கல்யாணம், சாமத்திய வீடு, நினைவுமலர் என்று சேருகிற படங்களை எல்லாம் இரவு 2 மணிக்கு வேறு வட்டில் பிரதி எடுத்து வைப்பது ஆர்சிங்க். 1996இல் அவுஸ்திரேலியாவில் இரண்டு பேர் எழுதி வெளியிட்ட இலவச மென்பொருள். மாறிய கோப்புகளை மட்டுமே தொடுவதால் வேகத்தில் முறைப்பாடு இல்லை. என் தலைவலி கோப்புகளின் உரிமை, அதாவது எந்தக் கோப்பு எந்தப் பயனருடையது என்பது.

ஆவணியில் பழைய கணினியின் தாய்ப்பலகை எரிந்துபோயிற்று. புதியதில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியது உதவிக்கு நிற்கும் தம்பி. பழைய வட்டுகள் இரண்டையும் கழற்றி அதில் மாட்டினோம். மறுநாள் காலை, "அண்ணை, உங்கள் வரிக் கணக்கு எனக்குத் திறக்கிறதே" என்றான். எனக்கு மட்டும் என்று பூட்டி வைத்த கோப்புறை அது. எனக்கோ அனுமதி இல்லையாம்!

வட்டில் கோப்பின் உரிமையாளருடைய பெயர் இருப்பதில்லை, இலக்கம்தான் இருக்கிறது. உபுண்டு முதல் பயனருக்கு 1000, அடுத்தவருக்கு 1001 கொடுக்கும். பழைய கணினியில் 1000 நான். புதியதில் 1000 அவன். பழைய கணினி உயிரோடு இருந்து வலையமைப்பு வழியாக நகலெடுத்திருந்தால், ஆர்சிங்க் பெயரைப் பார்த்தே பொருத்தியிருக்கும்.

அவசரப்பட்டுப் பிரதி வட்டில் 1000 எல்லாவற்றையும் 1001 ஆக்கினேன். ஏற்கெனவே 1001 ஆக இருந்த தம்பியின் கோப்புகளும் அதோடு கலந்து என்னுடையவை ஆகிவிட்டன. இரண்டு இலக்கங்களை இடம் மாற்ற வேண்டும் என்றால் மூன்றாவது ஒன்று இடையில் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. நல்லகாலம், மூல வட்டைத் தொடவில்லை. அதிலிருந்து படங்களைப் புதிய கணினிக்கு ஏற்றும்போது ஆர்சிங்கில் பயனர் இலக்கங்களை மாற்றிப் பொருத்தும் யூசர்மேப் கைகொடுத்தது. 2013இல் 3.1.0 பதிப்போடு வந்த வசதி. 1000ஐ 1001 ஆகவும் 1001ஐ 1000 ஆகவும் ஒரே ஓட்டத்தில் மாற்றிவிட்டது. அன்றிரவு 2 மணிக்குப் பிரதி வட்டும் திருந்தியது. படங்களை மறுபடி நகலெடுக்காமல் உரிமையை மட்டும் சரிசெய்தது. இதற்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் பாராட்டுவேன்.

குறை ஒன்று உண்டு. சாதாரணப் பயனராக ஓட்டினால் உரிமையாளரைக் கொண்டுபோகாது. அதை ஒரு வார்த்தை சொல்லவும் மாட்டாது. ஆரம்பத்தில் வேலையை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் என் சொந்தப் பட்டியலில் எழுதிவிட்டு, சரியாக நடக்கிறது என்று மாதக்கணக்கில் நம்பியிருந்தேன். முழு அதிகாரம் உள்ள ரூட் பயனரின் பட்டியலுக்கு மாற்றிய பிறகே ஒழுங்கானது. கிரானும் லேசுப்பட்டதல்ல: பிழைச் செய்திகளை மின்னஞ்சலில் அனுப்பப் பார்க்கும், கணினியில் அஞ்சல் சேவை இல்லாவிட்டால் எறிந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரு பதிவுக் கோப்பில் எழுத வைத்திருக்கிறேன். வட்டும் இஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் கோப்பு முறைமையில் இருக்க வேண்டும். வெளி வட்டுகளில் வழக்கமாக வரும் எக்ஸ்ஃபாட் முறைமையில் உரிமையாளருக்கு இடமே இல்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். தம்பி ஐந்தும் கொடுப்பான். வரிக் கணக்கைப் பார்த்த மறுவாரமே சம்பள உயர்வு கேட்டுவிட்டான்.