கட்டில் 14: இருபத்தாறு நாள், பிறகு ஆறு மாதம்

முதலில் கதிரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீலப் பிளாஸ்டிக் கதிரை. இருக்கும் இடத்தின் நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டி, வெட்டிய விளிம்பு தொடையைக் கிழிக்காமல் இருக்க நெருப்பில் காட்டி மழுக்கியிருந்தார்கள். முதுகுப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்றில் ‘கி.அ.ச’ என்று எழுத்து. எந்தக் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் ஒரு கதிரை குறைகிறது என்பது கடைசிவரை தெரியவரவில்லை. எப்போதோ துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்குப் போன ஒருவரின் ஆட்கள் விட்டுப்போனதாம். ஆஸ்பத்திரி வாட்டில் கால் உடைந்து கிடந்த எங்களுக்கு அதைப்போலப் பெறுமதியான சாமான் வேறு இருக்கவில்லை. மலசலகூடம் குந்தும் வகை. முழங்காலுக்குக் கீழே, உடைந்த எலும்பை நிறுத்த வெளியே கம்பி பூட்டிய காலோடு குந்த முடியாது. கதிரையைக் குழிக்கு மேலே வைத்தால் மனிதராக இருக்கலாம். அதற்கு முந்திய எட்டு நாளும் படுக்கையிலேயே பாத்திரம். அதைப்பற்றி எழுத விருப்பமில்லை.

நான் வந்து விழுந்தது தை மாதத்தில். பரந்தன் - முல்லைத்தீவு றோட்டில் இரவில் மோட்டார்சைக்கிள் ஓடியவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. பனி கொட்டும்போது மாடுகள் தார் றோட்டுச் சூட்டுக்கு வந்து படுத்துவிடும். கறுத்த மாடு, கறுத்த றோட்டு. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. யாரோ 1990க்குப் போன் அடித்து அம்புலன்ஸ் வந்தது, அதற்குக் காசு எடுப்பதில்லை. (எங்கள் பக்கத்தில் 1990 என்றால் வயதானவர்களுக்குச் சண்டை திரும்பத் தொடங்கிய வருடம்தான் நினைவு வரும். இந்த நம்பரை யார் தெரிந்தெடுத்தார்களோ.)

இது வன்னியில் உள்ள ஒரு அரச ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன். ஒப்பரேசனுக்கு, கம்பிக்கு, ஊசிகளுக்கு என்று ஒரு சதமும் கேட்கவில்லை. ஒரேயொரு தடவை வெளிப் பார்மசியில் மருந்து வாங்கத் துண்டு தந்தார்கள். பொருளாதார நெருக்கடி நேரம் 2022இல் வந்து கிடந்தவர்கள் கிளவுஸ்கூட வாங்கிக் கொடுத்த கதை சொன்னபோது, ஒரு துண்டோடு தப்பியதே பெரிது என்று பட்டது.

இனிக் கட்டில். இரும்பு, உறுதியானது. மெத்தைக்கு றெக்சின் உறை. துடைக்க லேசு என்பதால் போட்டிருப்பார்கள், ஆனால் பகல் இரண்டு மணிக்கு முதுகு அதில் ஒட்டிப்போகும். விரிப்புக்குக் கீழே ஒரு பழைய பருத்திச் சேலையை மடித்துப் போட்டால் பாதி வேதனை குறையும். இதை எனக்குச் சொன்னவர் தாதி இல்லை, கட்டில் 13 ஐயா. விசுவமடுப் பக்கத்தவர், சீனி வருத்தத்தில் கால் புண், ஒரு விரலை எடுத்திருந்தார்கள்.

கொண்டுவர வேண்டியவை என்று யாராவது கேட்டால் என் பதில் இதுதான்: சாரம் (லுங்கி). இரண்டு மூன்று. கம்பி பூட்டிய காலில் எந்தக் காற்சட்டையும் ஏறாது. அடுத்தது நீளமான எக்ஸ்டென்சன் வயர். இருபத்திரண்டு கட்டிலுக்குக் கையெட்டும் தூரத்தில் இரண்டு பிளக்தான். வயர் வைத்திருப்பவனுக்கு வாட்டில் தனி மரியாதை. அவனைச் சுற்றி ஐந்தாறு போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், தேத்தண்ணியும் தானாக வரும். பிளாஸ்க் ஒன்று. காலுக்கு மேல் கவிழ்த்துவைக்க ஒரு பிஸ்கட் பெட்டி மட்டை, போர்வை கம்பியில் சிக்காமல் இருக்க. கொண்டுவர வேண்டாதவை நெஸ்டமோல்ட், மாரி பிஸ்கட், தோடம்பழம். பார்க்க வருகிற ஒவ்வொருவரும் அதைத்தான் கொண்டுவருவார்கள். பத்தாம் நாள் என் லொக்கர் சின்னக் கடை மாதிரி இருந்தது. ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்த சின்னம்மாவை மட்டும் மறக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரிச் சாப்பாடு பசிக்குப் போதும், ருசிக்குப் போதாது. அவ்வளவுதான்.

நாள் எப்படிப் போகும் என்றால், விடிய ஐந்து மணிக்கு ஊசி. நல்ல நித்திரை வரும் நேரம் அதுதான், அந்த நேரத்தில்தான் லைற்றைப் போடுவார்கள். பிறகு கூட்டுதல், துடைத்தல். பெரிய டொக்டர் வரும்முன் லொக்கர் மேலிருக்கும் எல்லாம் மறைய வேண்டும். துணைக்கு நிற்பவர்களும் மறைய வேண்டும். அவர் என் கட்டிலடியில் நின்றது இரண்டு நிமிடம் இருக்கும். அதில் ஒன்றரை நிமிடம் கூட வந்த பிள்ளைகளுக்கு இங்கிலிசில் பாடம். எனக்குத் தமிழில் ஒரே வசனம்: “சிகரட் பத்தினா எலும்பு ஒட்டாது.” கேட்க நினைத்த நாலு கேள்வியும் தொண்டையிலேயே நிற்கும். இதற்கு நான் கண்ட வழி, ரவுண்ட் முடிந்து இரண்டு மணித்தியாலம் கழித்து சின்ன டொக்டரைப் பிடிப்பது. ஆறுதலாகச் சொல்லுவார்கள். எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டியும் சொன்னார்கள்.

எக்ஸ்ரே என்றதும் நினைவு வருகிறது. கட்டில் 9க்கு ஒரு அண்ணை வந்தார், யானைக்குப் பயந்து ஓடி வாய்க்காலுக்குள் விழுந்து இடுப்பில் அடி. படத்தில் எலும்புக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு. சின்ன டொக்டர் தங்கச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அது பழசு பிள்ளை. சண்டைக்காலத்துச் செல் (எறிகணை) துண்டு. அதை விடுங்கோ, புதுசைப் பாருங்கோ” என்றார் அண்ணை.

வாட் முழுக்கச் சிரித்தது. எம்ஆர்ஐ எடுக்கிறதென்றால் கட்டாயம் சொல்ல வேண்டும், அந்தக் காந்தத்துக்கு உடம்பில் இரும்பு இருக்கக்கூடாது என்று சின்ன டொக்டர் எழுதிக்கொண்டார். பிறகு 13 ஐயா தன் முதுகைத் தடவிக்காட்டி, தன்னிடமும் இரண்டு இருப்பதாகச் சொன்னார். 2009இல் சண்டையின் கடைசி மாதங்களில், புதுமாத்தளனில் ஆஸ்பத்திரியாக்கிய பள்ளிக்கூடத்து நிலத்தில் பாயில் கிடந்து, செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் ஏற்றப்பட்டுப் போனவர். றெக்சின் மெத்தையைப் பற்றி நான் முறையிடும்போதெல்லாம் அவர், “தம்பி, ஃபான் சுத்துது பார்” என்பார். ஞாயமான ஒப்பீடு இல்லை என்று அவரிடமே சொன்னேன். கட்டில் நல்லதா கூடாதா என்பதைப் புதுமாத்தளனோடு அளந்தால் எதுவும் திருந்தாது. அவர் மறுக்கவில்லை, ஃபானை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.

ஆண்கள் வாட்டில் இரவில் பெண்கள் நிற்க முடியாது. ஆகவே மனைவிக்கு இடமில்லை. மச்சான் நாலு இரவு நிலத்தில் பாய்போட்டுப் படுத்தார். ஐந்தாம் நாள் அருவி வெட்டுக்கு (நெல் அறுவடைக்கு) மெசின் வருகிறது என்று போய்விட்டார். போகத்தானே வேண்டும். எனக்கு உண்மையான குறை இங்கேதான். துணைக்கு ஆள் இல்லாதவனுக்கு இரவில் தண்ணீர் எடுத்துத்தர யாருமில்லை. இரண்டு மிஸ் (தாதி), இருபத்திரண்டு கட்டில், நடுவில் ஒரு அக்சிடன்ட் கேஸ் வந்தால் சரி, விடியும்வரை கூப்பிட்டுப் பலனில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அனுராதபுரத்திலிருந்து வந்த ஒரு மிஸ்ஸுக்குத் தெரிந்த தமிழ் “நோகுதா”, “தள்ளிப் படுங்கோ”, “பயப்படாத”. எனக்குத் தெரிந்த சிங்களம் “ரிதெனவா” (நோகுது), “வத்துர” (தண்ணி). இரண்டு கிழமை அந்த ஐந்து வார்த்தையில் ஓடியது.

மற்ற நேரம் எல்லாம் நடக்கக்கூடியவர்களின் தயவு. ஒரு கை உடைந்தவன் எனக்கு வாளி தூக்கினான், நான் அவனுக்குச் சோத்துப் பார்சலை அவிழ்த்துக் கொடுத்தேன். கதிரையைக் கழுவி வைக்காமல் போகிறவனை முழு வாட்டும் ஏசும்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் கஷ்டம் என்று யாரும் சொல்லவில்லை. கம்பி இறங்கும் இடங்களைத் தினமும் துடைக்க வேண்டும், சிவந்தாலோ சீழ் வடிந்தாலோ உடனே ஓட வேண்டும். நாலாம் மாதம் கம்பியைக் கழற்றினார்கள். இப்போது ஒரு ஊன்றுகோலோடு நடக்கிறேன், படி இறங்கும்போது மட்டும் பயம்.

போன கிழமை கிளினிக். ஆறு மணிக்குப் போய் நம்பர் எடுத்து, பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். இடையில் பழைய வாட்டை எட்டிப் பார்த்தேன். நான் விட்டுவந்த வயர் சுவரோரம் கிடந்தது, நாலு போன் கொழுவி. நீலக் கதிரை இல்லை. கால் முறிந்துவிட்டதாம். அதன் இடத்தில் ஒரு சிவப்புக் கதிரை, இதில் எழுத்து ஒன்றுமில்லை. ஓட்டை கொஞ்சம் கோணல். ஆனால் விளிம்பைச் சுற்றிப் பழைய சைக்கிள் ரியூப்பைப் பிளந்து ஒட்டியிருந்தார்கள். முந்தியதைவிட இது நல்லது.