யூனியன் ஸ்கொயர் உழவர் சந்தை: குளிர்காலக் கேல் சாலட்டுக்கு எவ்வளவு தூரம் உதவும்?

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், யூனியன் ஸ்கொயர் பூங்காவின் ஓரமாகத் திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நான்கு நாட்களும் கூடும் உழவர் சந்தை 1976ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது. தக்காளியும் பீச் பழமும் குவிந்து கிடக்கும் கோடையில் இச்சந்தையைப் புகழ ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடைகள் குறைந்து, வருகிற விவசாயிகளும் கையுறை மாட்டிக்கொண்டு கிழங்கும் கீரையும் விற்கிற ஜனவரி மாதத்தில், அருகிலுள்ள சூப்பர் மார்க்கெட்டை விட்டுவிட்டு இங்கே வருவதால் பயன் உண்டா என்று கேட்பவர்கள் பலர். கேல் கீரையையும் பருவப் பழத்தையும் பச்சையாகச் சேர்த்துச் செய்யும் சாலட் ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்து, அக்கேள்விக்கு இங்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

கீரையைப் பொறுத்தவரை சந்தையின் பக்கமே தீர்ப்பு. உறைபனி படத் தொடங்கியதும் கேல் செடி தன்னிடமுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதியைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. இலைச்சாற்றில் சர்க்கரை கூடினால் அது எளிதில் உறையாது என்பதால், செடிக்கு அது தற்காப்பு, உண்பவருக்கு இனிப்பு. சுற்றுவட்டாரப் பண்ணைகளில் நவம்பர், டிசம்பர் பனியில் நின்ற கேலைச் சமைக்காமல் மென்று பார்த்தால் முதலில் இனிப்பும் பிறகே இலேசான காரலும் தெரியும். பனியே படாத வயல்களிலிருந்து லாரியில் வந்து சேரும் கீரையில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். குளிர் முற்றிய பிறகு சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் வளர்ந்தது. அதன் இலை சற்று மெலிது, சுவையிலும் ஒரு படி குறைவு, ஆனாலும் முந்தைய நாளோ அதற்கு முந்தைய நாளோ பறித்தது என்ற புதுமை அதில் இருக்கும்.

பொதுவாக மூன்று வகைகள் கிடைக்கும். சுருட்டை இலைக் கேல் மலிவு, எங்கும் கிடைப்பது. ஆனால் அதன் மடிப்புகளில் மண்ணும் சாம்பல் நிற அசுவினிப் பூச்சியும் ஒளிந்திருக்கும் என்பதால், அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அமுக்கி அலசாமல் சாலட்டுக்கு எடுக்கக் கூடாது. லாசினாட்டோ எனப்படும் இத்தாலிய வகையின் இலை நீளமாக, கருமை கலந்த பச்சையாக, மேடும் பள்ளமுமாக இருக்கும். அலசுவதும் எளிது, மெல்லிய நாடாக்களாக நறுக்குவதும் எளிது, பச்சையாக உண்ண இதுவே எனது முதல் தேர்வு. ஊதா நரம்போடியது சிவப்பு ரஷ்யக் கேல். மூன்றிலும் மென்மையானது, ஆனால் வாங்கிய மறுநாளே துவண்டுவிடும் சுபாவம் உள்ளது. எதை வாங்கினாலும் கட்டைத் திருப்பித் தண்டின் வெட்டுமுனையைப் பாருங்கள்: ஈரமும் வெளிர்பச்சையும் இருந்தால் எடுக்கலாம், பழுத்துக் காய்ந்திருந்தால் விட்டுவிடலாம். கடுங்குளிர் நாட்களில் விற்பவர்கள் கீரையைப் போர்வைக்கு அடியிலும் பெட்டிக்குள்ளும் வைத்துவிட்டு, மேசையில் ஒரு கட்டை மட்டும் காட்சிக்கு வைப்பதுண்டு. அந்தக் காட்சிக் கட்டை வாங்க வேண்டாம். உறைந்த இலை வீட்டுச் சூட்டில் துவண்டு நீர் விட்டுவிடும்.

விலையில் ஒரு கட்டுக்கு ஒன்றிரண்டு டாலர் கூடுதலாகத் தோன்றலாம். அதற்கு மாற்றாகப் பலர் நாடுவது, நறுக்கிக் கழுவிப் பையில் அடைத்து விற்கும் கேலை. அந்தப் பையில் பெரும்பாலும் இலையோடு தண்டும் சேர்த்தே நறுக்கப்பட்டிருக்கும். பொரியலுக்கு அதனால் கெடுதல் இல்லை. சாலட்டில் அந்தத் தண்டுத் துண்டுகள் பல்லுக்கு இடையே சக்கையாக நிற்கும், அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்க உட்கார்ந்தால் முழுக் கட்டை ஆய்ந்துவிடும் நேரத்தைவிட அதிகம் பிடிக்கும். ஆகவே எடைக்கு எடை கணக்குப் போட்டால் தெரிகிற விலை வித்தியாசம், வாயில் போகிற அளவைக் கணக்கிட்டால் பெரிதாக இல்லை.

கேல் இலையின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. சேம்பிலையில் உருள்வது போலத் தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக உருண்டோடும். எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ மட்டும் ஊற்றினால் அவையும் அப்படியே வழிந்து பாத்திரத்தின் அடியில் தேங்கிவிடும். நடு நரம்பைக் கிள்ளி நீக்கி, இலையை நறுக்கி, கால் தேக்கரண்டி உப்பும் ஒரு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயும் விட்டு, இரண்டு மூன்று நிமிடம் கையால் நன்றாகப் பிசைய வேண்டும். இலையின் செல்கள் உடைந்து, நிறம் கருத்து, குவியல் பாதியாக அமுங்கும்போது நிறுத்தலாம். உப்பு கசப்பை அடக்கும், எண்ணெய் இலையோடு ஒட்டும், அதன் பிறகு விடுகிற புளிப்பும் தங்கும். சிவப்பு ரஷ்யக் கேலுக்கு இவ்வளவு பிசைதல் வேண்டாம், குழைந்துவிடும்.

பழத்தில்தான் இச்சந்தையின் எல்லை தெரிகிறது. சுற்றுவட்டாரத்தில் விளைந்ததை விளைவித்தவரே விற்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. ஆகையால் குளிர்காலச் சாலட் என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் மாதுளை, ஆரஞ்சு, பெர்சிமன் ஆகிய எதுவும் இங்கே கிடைக்காது. அவை கலிஃபோர்னியா போன்ற வெப்பமான இடங்களிலிருந்து வேறு கடைகளுக்கு வருபவை. இங்கே இருப்பவை ஆப்பிளும் பேரிக்காயும் மட்டுமே. இதைக் குறையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்துக்கு அடுத்தபடியாக அதிக ஆப்பிள் விளைவது நியூயார்க் மாநிலத்தில்தான். இலையுதிர்காலத்தில் பறித்த பழத்தைக் குளிர்ந்த கிடங்கில் வைத்து வசந்தம் வரை விற்பனைக்குக் கொண்டுவருகிறார்கள்.

எல்லா ஆப்பிளும் இதற்குப் பொருந்தாது. மெக்கின்டாஷ் ஜனவரிக்குள் மாவாகிவிடும், அது பாகு காய்ச்சத்தான் உதவும். ஹனிகிரிஸ்ப் சாறு நிறைந்தது, விலையும் நிறைந்தது. பனி பட்டு இனித்த கேலோடு சேரும்போது இனிப்பு கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். எனக்குப் பிடித்தது கோல்ட்ரஷ். பறித்த புதிதில் புளித்துக்கிடக்கும் இந்த மஞ்சள் ஆப்பிள், கிடங்கில் இருக்க இருக்க இனிப்பேறி, நறுக்கென்ற கடியை இழக்காமல் ஜனவரி, பிப்ரவரியில் பதமாக இருக்கும். தோலைச் சீவாமல் தீக்குச்சி அளவில் நறுக்கிச் சேர்த்தால், மென்மையான கீரைக்கும் அதற்கும் இடையே வாய் மாறி மாறி வேலை செய்யும். மென்மை வேண்டுபவர்கள் பாஸ்க் பேரிக்காயை, காம்பருகே விரலால் அழுத்தினால் இலேசாக இணங்கும் பதத்தில் வாங்கலாம்.

புளிப்புக்கு ஆப்பிள் சைடர் வினிகர், இனிப்புக்குத் தேனோ மேப்பிள் பாகோ, உப்புச் சுவைக்குச் செம்மறியாட்டுப் பாலில் செய்த கெட்டிச் சீஸ் என்று மற்றவற்றையும் பெரும்பாலும் இங்கேயே வாங்கிவிடலாம். ஆலிவ் எண்ணெயும் வால்நட்டும் மட்டும் வேறு கடையில் வாங்க வேண்டியவை. மாதுளை இல்லாமல் சாலட்டே இல்லை என்பவர்களுக்கு இந்தச் சந்தை பாதிக் கடைதான். பரிமாறும்போது மேலே தூவினால் மாதுளை அழகுதான் என்பதை மறுக்கவில்லை, ஆனால் முன்கூட்டியே கலந்தால் சில முத்துக்கள் நசுங்கிச் சாறு விட்டுப் பாத்திரம் முழுவதும் சாயமேறும்.

விற்பவர்களிடம் எந்தப் பழம் எப்படி என்று கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். குளிர்காலத்தில் கூட்டம் குறைவு என்பதால் பேச நேரமும் இருக்கிறது. அரசின் உணவு உதவி அட்டையும் இங்கே செல்லும். காலையில் போவது நல்லது, லாசினாட்டோ முதலில் தீரும். வார்ஃபரின் போன்ற இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள், கேலில் வைட்டமின் கே மிக அதிகம் என்பதால், திடீரென்று தினமும் உண்ணத் தொடங்குமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்ற இலைச் சாலட்டுகள் ஒரு மணி நேரத்தில் சோர்ந்துவிடும்போது, பிசைந்த கேல் குளிர்பதனப் பெட்டியில் மறுநாள் மதியம் வரை நிற்கும் என்பதால், அலுவலகத்துக்குக் கட்டிக்கொண்டு போக ஒரு கட்டுக்கு இரண்டாக வாங்கிப் பிசைந்து வைக்கலாம். ஆப்பிளை மட்டும் உண்ணும் நேரத்தில் நறுக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.