பார்த்தும் பாராமலா, தனிக் கூடாரமா?

நிறுவனத்துக்குள் புதியது பிறக்கவேண்டும் என்று எல்லா முதலாளிகளும் சொல்கிறார்கள். அன்றாட வேலைக்கு நடுவிலேயே இடம் விடுவதா, சிலரைப் பிரித்துத் தனியே உட்காரவைப்பதா என்று வரும்போதுதான் வழிகள் பிரிகின்றன.

முதல் வழிக்கு உதாரணம், உப்புத்தாள் தயாரித்துவந்த அமெரிக்காவின் 3எம் நிறுவனம். 1920களில் கார்களுக்கு இரட்டை வண்ணம் அடிப்பது நாகரிகமாக இருந்தது. உப்புத்தாள் மாதிரியுடன் கார் பட்டறைக்குப் போன 3எம் ஊழியர் ரிச்சர்ட் ட்ரூ, மறைப்புக் காகிதத்தை உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து உரிந்துவர, பெயிண்டர் கொதித்துப்போவதைப் பார்த்தார். வண்ணத்தைக் கெடுக்காத நாடா செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "அதை விடு, உப்புத்தாளைக் கவனி" என்பது மேலிடத்தின் கட்டளை. ட்ரூ விடவில்லை, நிறுவனத்தை நடத்திய வில்லியம் மெக்நைட் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார். இயந்திரம் வாங்க அனுமதி கிடைக்காதபோது, 100 டாலர் வரை தானே செலவிடலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு 99 டாலர், 99 டாலராகக் கொள்முதல் உத்தரவு எழுதினார் என்று ஒரு கதை உண்டு. 1925இல் மாஸ்கிங் டேப் வந்தது. வேலை நேரத்தில் 15 விழுக்காட்டைச் சொந்த யோசனைக்குச் செலவிடலாம் என்ற ஏற்பாடு பிறகு 1948இல்தான் வந்தது. விதிக்கு முன்பே அந்தப் பொறுமை இருந்தது என்பதை அந்த விதியை மட்டும் நகலெடுப்பவர்கள் கவனிப்பதில்லை.

பொறுமைக்கு விலையும் உண்டு. 3எம் விஞ்ஞானி ஸ்பென்சர் சில்வர் 1968இல் கண்டுபிடித்தது சரியாக ஒட்டாத பசை. தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் வைத்த அடையாளச் சீட்டு நழுவி விழுவதால் எரிச்சலடைந்த ஆர்ட் ஃப்ரை என்ற சக ஊழியர்தான் அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்தார். அப்படிப் பிறந்த போஸ்ட்-இட் ஒட்டுச்சீட்டு அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தபோது 1980. பன்னிரண்டு ஆண்டுகள்!

இரண்டாம் வழியில் போன அமெரிக்க விமான நிறுவனம் லாக்ஹீடுக்கு அவ்வளவு காலம் கிடைத்திருக்காது. 1943இல் ஜெர்மனியின் ஜெட் போர் விமானத்துக்கு ஈடாக ஒன்று வேண்டும். அதன் பொறியாளர் கெல்லி ஜான்சன் கலிபோர்னியாவின் பர்பாங்கில், நாற்றமடிக்கும் பிளாஸ்டிக் ஆலைக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டார். குறைந்த ஆட்கள், குறைந்த அறிக்கைகள், முடிவு சொல்ல ஒரே ஆள். எக்ஸ்பி-80 விமானம் 143 நாளில் தயார்.

வேண்டியது இன்னதென்று தெரிந்து, நாளும் குறிக்கப்பட்டுவிட்டால் நான் கூடாரத்தையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் கூடாரத்தில் பெயிண்டரின் வசவு காதில் விழாது. என்ன செய்வது என்றே தெரியாதபோது ட்ரூ போன்றவர்கள்தான் வேண்டும்.

கூடாரம் தள்ளிப் போனாலும் சிக்கல்தான். ஜெராக்ஸின் தலைமையகம் கிழக்குக் கரையில். 1970இல் தொடங்கிய ஆராய்ச்சி மையமோ மேற்குக் கரையில், பாலோ ஆல்ட்டோவில். சுட்டியும் (மவுஸ்), சாளரங்களாகப் பிரியும் திரையும் கொண்ட ஆல்ட்டோ கணினி 1973இலேயே அங்கே ஓடியது. தலைமையகத்துக்கு அதை என்ன செய்வதென்று புரியவில்லை. அதே மையத்தில் உருப்பெற்ற லேசர் பிரிண்டர் மட்டும் 1977இல் சந்தைக்கு வந்து பெரும்பணம் சம்பாதித்துக் கொடுத்தது. நகலெடுக்கும் இயந்திரம் விற்றவர்களுக்கு அது சொந்தக்காரப் பிள்ளைபோலத் தெரிந்திருக்க வேண்டும்.